இரண்டு தெருவில் ஒரு வீடு

இந்த ஊரில் யாரும் பஸ்ஸுக்குள் போவதில்லை. பஸ்ஸின் மேலேதான் போகிறார்கள். நான் சொல்லவில்லை, அவர்கள் பேச்சு அப்படி இருக்கிறது. 'ஆன் த பஸ்' என்கிறார்கள். அதுவே கார் என்றால் 'இன் த கார்'. காருக்குள் உட்காரத் தெரிந்த ஜனங்களுக்குப் பஸ்ஸுக்குள் உட்காரத் தெரியாதா என்ன? நான் இங்கிலாந்து வந்து சேர்ந்த புதிதில், டிப்போ இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ டிரைவர் ஃபிராங்கோடு 'ஆன் த எய்ட்' என்றார். எட்டாம் நம்பரின் மேல். நான் வெளியே வந்து எட்டாம் நம்பர் பஸ்ஸின் கூரையை அண்ணாந்து பார்த்தேன். மழையில் நனைந்து வழுவழுவென்று கிடந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. கண்டக்டரைக் கூரையில் ஏற்றுகிற ஊராக இருக்கிறதே என்று பயந்துபோனேன். என்னை இந்த ஊருக்கு வரவழைத்த சவரிமுத்துவிடம் அன்று சாயங்காலம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

நான் பயந்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கப்பல் ஏறுவதற்கு முன்பு காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் ஓடின டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். எங்கள் பஸ்ஸுக்கு உண்மையாகவே ஒரு 'மேல்' உண்டு. வாழைத்தார், கோழிக்கூடை, யார் வீட்டுச் சீருக்கோ போகிற கட்டில் எல்லாம் அங்கேதான் ஏறும். சந்தை நாளில் மனுசரும் ஏறிவிடுவார்கள். "யாருய்யா மேல? இறங்குங்க, இல்லாட்டி வண்டி நகராது" என்று நான் கீழே நின்று கத்துவேன். "நீங்க ரைட் குடுங்கண்ணே, நாங்க கெட்டியாத்தேன் பிடிச்சுருக்கோம்" என்று மேலேயிருந்து பதில் வரும். பஸ்ஸின் மேல் இருந்தவனைத் திட்டி இறக்குவது அங்கே என் உத்தியோகம். பஸ்ஸின் மேல் இருக்கிறவர்களுக்கு டிக்கெட் கொடுத்து நன்றி சொல்வது இங்கே என் உத்தியோகம். இதற்குத்தான் இத்தனை கடல் தாண்டி வந்தேன்.

வேலை பழகிவிட்டது. பாழாய்ப்போன அந்தச் சின்னச் சொற்கள்தான் பழகவில்லை. 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்று. பஸ்ஸில் ஆன், காரில் இன், ஸ்டாப்பில் அட். தெருவில் இன், தெரு மூலையில் ஆன் என்றாலும் சரி, அட் என்றாலும் சரியாம். அது ஏன் என்று கேட்டால் வெள்ளைக்காரனுக்கும் தெரியாது. நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஏழாம் வேற்றுமை உருபு 'இல்' ஒன்றே போதும். பஸ்ஸில், காரில், சுவரில், வாசலில், ஊரில், வானத்தில். உள்ளே இருந்தாலும் மேலே ஒட்டிக்கொண்டு இருந்தாலும் பக்கத்தில் நின்றாலும் அந்த ஒரு 'இல்' எல்லாவற்றையும் தாங்கும். நான் அந்த 'இல்'லைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கினேன். எந்த இடத்தில் வைத்தாலும் ஆட்டம் கண்டது.

அதிலும் 'எங்க வீட்ல' என்ற சொல் இருக்கிறதே, அது என்னைப் படுத்திய பாட்டை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் கட்டினவளின் பேரை வெளி ஆளிடம் சொல்லிப் பேசுவது வழக்கமில்லை. "எங்க வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் பெண்டாட்டியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று பொருள். அதையே பெண்டாட்டி சொன்னால் புருசன். "வீட்ல உடம்புக்கு முடியலை" என்றால் ஓட்டைப் பிரித்து மேய வேண்டும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். இதை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். டீ குடிக்கிற இடத்தில் என் டிரைவர் ஃபிராங்க், "ஆர்மி, உனக்குக் கல்யாணம் ஆயிற்றா?" என்று கேட்டான். என் பேர் ஆறுமுகம். அது அவன் வாயில் நுழையாமல் ஆர்மி ஆகிவிட்டது. "எஸ். இன் மை ஹவுஸ் இஸ் இன் இண்டியா" என்றேன். "இன் மை ஹவுஸ் குக்ஸ் வெரி குட்" என்றும் ஆசையாகச் சொன்னேன். "டஸ் இட்?" என்று கேட்டு அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். எனக்கு ஊரில் தானாகச் சமைக்கிற ஒரு வீடு இருப்பதாக டிப்போ முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி அந்த வாடகை அறைக்குத் திரும்பி ரொட்டியை வாட்டித் தின்னும்போது சிரிப்பு வராது. கல்யாணம் ஆகி ஒரு வருசம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை நாங்கள். சவரிமுத்து, அவர் தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், எனக்கு முன்னாலேயே வந்து இங்கே மில்லில் வேலையாக இருந்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. போய் இடம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று மீனாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். எங்க வீட்ல பேர் அது; எழுத்தில் சொன்னால் தப்பில்லை. வருசம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று, அப்படியே ஓடிற்று. அதற்குள் இங்கே சட்டத்தை மாற்றினார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் வருவதென்றால் அங்கேயே மதராஸில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி முன்னால் நின்று, இவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். புருசனிடம் இங்கே ஒரு கேள்வி, பெண்டாட்டியிடம் அங்கே அதே கேள்வி. இரண்டு பதிலும் ஒத்துப்போனால் விசா. இல்லாவிட்டால் இல்லை.

கேள்வியெல்லாம் என்ன கேள்வி? வீடு எங்கே, கிணறு எங்கே, அடுப்பு எந்தப் பக்கம். எல்லாம் இடத்தைப் பற்றின கேள்விதான். எனக்கு இங்கே ஓர் ஆபீஸில் உட்கார்த்திக் கேட்டார்கள். "நீயும் உன் மனைவியும் எங்கே குடியிருந்தீர்கள்?" நான் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். இன் கோட்டையூர். இன் நடுத்தெரு. தெருவுக்கு 'இன்' என்று சவரிமுத்து சொல்லிக் கொடுத்திருந்தார். தப்பில்லாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. வெளியே வந்து சிகரெட்கூடப் பற்றவைத்தேன்.

அந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோட்டையூர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பு ஆரம்பித்தால், நடுவில் வானம் பார்த்த வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அதைத் தாண்டி அடுப்படி, கிணறு, கொல்லை என்று போய் அடுத்த தெருவில்தான் வீடு முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் வேறு தெரு. எங்களுக்கு வாடகைக்கு விட்ட ஆச்சி முன்கட்டில் இருந்தார். அவருடைய பிள்ளைகள் எல்லாம் மதராஸில். ஆள் நடமாட்டம் இருக்கட்டும் என்று அடுப்படியை ஒட்டின கடைசிக் கட்டை எங்களுக்கு விட்டிருந்தார். முன்வாசல் நடுத்தெருவில். எங்கள் பின்வாசல் ஊரணித் தெருவில். தபால்காரர் முன்வாசலுக்குத்தான் வருவார். "ஆறுமுகம், ஒனக்குக் காயிதம் வந்துருக்கு, வந்து வாங்கிக்க" என்று ஆச்சி வளவுக்குள் நின்று குரல் கொடுப்பார். நான் போய் வாங்குவேன். அதனால் எனக்கு விலாசம் என்றாலே நடுத்தெரு. மீனாள் குடிதண்ணிக்கு ஊரணிக்குப் போனதும் கடைக்குப் போனதும் பின்வாசல் வழியாகத்தான். ஆச்சி எதுவும் சொல்லமாட்டார். ஆனாலும் பளபளவென்று கிடக்கிற அந்தக் கல்தரையில் ஈரக்காலோடு நடக்க இவளுக்குக் கூச்சம். முன்வாசல் நிலையை அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை.

மதராஸில் நடந்ததை மீனாள் பின்னால் எனக்கு நடித்தே காட்டினாள். அண்ணனோடு ரயிலேறிப் போயிருக்கிறாள். அதிகாரி இங்கிலீஷில் கேட்க, பக்கத்தில் ஒரு மதராஸ்காரர் தமிழில் சொல்லியிருக்கிறார்.

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?"

"எங்க வீட்ல சீமையில இருக்காக."

"நீ இருக்கிற வீடு எந்தத் தெருவுல?"

"ஊரணித் தெருவுல."

அதிகாரி காகிதத்தைப் பார்த்திருக்கிறார். நடுத்தெரு இல்லையா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்.

"நடுத்தெருவா? அது ஆச்சி வீட்டு வாசல்ல. எங்களுக்கு அங்குட்டு என்ன சோலி?"

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. நடுத்தெருவுல நீ இருந்ததே இல்லையா?"

"சத்தியமா இல்லைங்க. நாங்க இருந்ததெல்லாம் ஊரணித் தெருவுலதேன். நான் ஏன் இல்லாததைச் சொல்றேன்?"

சத்தியம் வேறு பண்ணியிருக்கிறாள், மகராசி. புருசன் ஒரு தெருவில் குடியிருந்திருக்கிறான், பெண்டாட்டி என்று வந்து நிற்கிறவள் வேறு தெருவில் குடியிருந்திருக்கிறாள். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. விசா இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அதிகாரி மேல், சட்டத்தின் மேல், நடுத்தெரு மேல், கடைசியில் மீனாள் மேலும் கோபம். ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கக்கூடாதா? அப்புறம் அவள் அங்கே தனியாக நின்று, இல்லாததைச் சொல்லமாட்டேன் என்று சொன்னதை நினைத்துக்கொண்டு அழுதேன். அவள் சொன்னது நிசம். நான் சொன்னதும் நிசம். இரண்டு நிசமும் சேர்ந்து ஒரு பொய்யாகிவிட்டது.

ஊரில் வேறு பேச்சு ஆரம்பித்துவிட்டது. சீமையில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள், அதனால்தான் வேண்டுமென்றே தெருவை மாற்றிச் சொல்லியிருக்கிறான் என்று. மீனாளின் அண்ணன் எங்கள் ஆட்களிடமே வந்து கேட்டுவிட்டார். "இன்னொரு தடவை பார்ப்போம். அதுலயும் இல்லைன்னுட்டா பேசாமத் தீத்து விட்ருங்க. அவளும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பா?" தீர்த்து விடுவது என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தை முறித்துவிடுவது. அப்புறம் அவளை வேறு இடத்தில் கட்டிக்கொடுப்பார்கள். அண்ணனைக் குறை சொல்ல முடியாது. என் தங்கச்சியாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மேலே முறையிடலாம் என்றார்கள். அதற்கு உதவி செய்கிற ஓர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஓர் அம்மாள், நல்ல மாதிரி, டீ கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த அத்தனை சொல்லையும் கொட்டினேன். ஒரே கூரை. முன்னால் நடுத்தெரு. பின்னால் ஊரணித் தெரு. முன்னால் ஆச்சி. பின்னால் இன் மை ஹவுஸ். "ஃபிரண்ட் ஒன் ஸ்ட்ரீட், பேக் ஒன் ஸ்ட்ரீட், பேக், பேக்" என்று கையால் வேறு காட்டினேன். அந்த அம்மாள் முகம் சட்டென்று தெளிந்தது. "ஓ, பேக்-டு-பேக்!" என்றார். ஆமாம் ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். கடைசியில் ஒருத்தருக்காவது புரிந்ததே என்று எனக்கு உயிர் வந்தது. அவரோ வருத்தத்தோடு பேனாவை மூடி வைத்தார். "அப்படியென்றால் அது இரண்டு வீடுதானே, லவ்" என்றார். இந்தப் பக்கத்தில் யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்த ஊரில் அப்படி ஒரு வீடு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மில் தொழிலாளிகளுக்காகக் கட்டினது. முதுகோடு முதுகு ஒட்டின வீடுகள். ஒரே கூரைதான். ஆனால் நடுவில் சுவர். இந்தப் பக்கத்து வீட்டுக்காரன் இந்தத் தெருவில் வாசல் வைத்துக்கொள்வான். அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு அந்தத் தெருவில் வாசல். இருவருக்கும் பின்வாசலே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்குமாம், முகம் மட்டும் தெரியாதாம். நானே என் வாயால் நடு வளவில் ஒரு சுவரைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். மீனாள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் பஸ் ஓட்டம் முடிகிற இடத்தில் நின்றபோது ஃபிராங்கிடம் இதைச் சொன்னேன். சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து அவன்தான் நோண்டினான். அவன் காகிதத்தில் புகையிலையைப் பீடிமாதிரி உருட்டிக்கொண்டே கேட்டான்.

"நடுவில் சுவர் இருக்கிறதா?"

"சுவர் இல்லை. வளவு. ஸ்கை."

"ஸ்கையா?" உருட்டின காகிதத்தை நக்கி ஒட்டினான். "சரி, ஸ்கை. முன்வாசலில் ஒரு நாயை விட்டால் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுமா?"

"போகும். ஆச்சி திட்டுவார். ஆனால் போகும்."

"அப்புறம் என்ன? அது பேக்-டு-பேக் இல்லை, ஆர்மி. அது த்ரூ. நான் பிறந்தது பேக்-டு-பேக்கில். என் அத்தைக்குத்தான் த்ரூ வீடு. பணக்காரி."

த்ரூ. இங்கே அந்த மாதிரி வீட்டுக்கு அப்படியே பேராம், த்ரூ ஹவுஸ். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். இன் இல்லை, ஆன் இல்லை, அட் இல்லை. நான் இத்தனை நாள் தேடின சொல் இந்த மூன்றிலும் இல்லாமல் தனியாக இருந்திருக்கிறது. ஊடு என்று நம்மிடம் சொல் இல்லாமலா? ஊடாக, ஊடே என்று எழுதுகிறோமே. எனக்குத்தான் தோன்றவில்லை. அன்று எட்டாம் நம்பரில் ஏறின பேர்களில் பாதிப்பேருக்கு நான் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்திருப்பேன். வாய்க்குள் த்ரூ, த்ரூ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முறையீட்டைக் கேட்டவர் வயசானவர். நீதிபதி மாதிரிதான், ஆனால் தலையில் அந்தப் பொய்முடி இல்லை. சவரிமுத்து என்னோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு இந்தப் பெரியவர் விசா இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, ஊரில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. பெரியவர் நேராகத் தெரு விசயத்துக்கே வந்தார். நீ ஒரு தெரு சொல்கிறாய், அந்தப் பெண் ஒரு தெரு சொல்கிறாள், எது உண்மை?

"போத், சார். இட் இஸ் எ த்ரூ ஹவுஸ். ஃபிரம் நடுத்தெரு, த்ரூ, டு ஊரணித் தெரு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எ த்ரூ ஹவுஸ்" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இந்தப் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. எவ்வளவு நீளம் என்று கேட்டார். எட்டாம் நம்பர் பஸ் நாலைந்தை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் இடம் மிச்சம் இருக்கும் என்றேன். முன்கட்டில் யார் என்றார். ஆச்சி, வீட்டுச் சொந்தக்காரர் என்றேன். பின்கட்டில்? நான் இந்த இடத்தில் 'மை ஒய்ஃப்' என்று சொல்லவேண்டும் என்று சவரிமுத்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பதற்றத்தில் பழைய வாய் வந்துவிட்டது.

"இன் மை ஹவுஸ், சார்."

"உன் வீட்டில்தான். அதைத்தான் கேட்கிறேன். உன் வீட்டில் யார்?"

"இன் மை ஹவுஸ், சார். இன் மை ஹவுஸ் மீன்ஸ் ஒய்ஃப். நாங்கள் பேர் சொல்லமாட்டோம். வீட்டில் என்றால் அவள்."

அறையில் யாரோ இருமினார்கள். பின்னால் சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவள் வெளியே போயிருந்தால் என்ன சொல்வாய்?"

"அப்போதும் இன் மை ஹவுஸ்தான், சார். ஷி இஸ் அவுட், ஸ்டில் இன் மை ஹவுஸ்."

நான் ஒன்றும் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. அதுதான் இலக்கணம், அதைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் குனிந்து எழுதத் தொடங்கினார். சில வாரத்தில் உத்தரவு வந்தது. மீனாள் வரலாம். சவரிமுத்து என் முதுகில் ஒன்று வைத்தார். "ஒம்ம இங்கிலீசு தப்பாப் போனதுனாலதான்யா பொழைச்சீரு" என்றார்.

மீனாள் வந்து இறங்கிய அன்று குளிர் ரொம்ப இல்லை. ஃபிராங்க் தன் மச்சானின் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு என்னோடு விமான நிலையத்துக்கு வந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, "அப்போ நீங்கள்தான் அந்தச் சமைக்கிற வீடா?" என்று கேட்டான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லவேளை. காருக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "எளைச்சுப் போனீக" என்றாள்.

நான் வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தது சின்ன வீடு. ஆனால் த்ரூ வீடு. அதற்காகவே அலைந்து பிடித்தேன். முன்வாசலில் அவளை நிறுத்தி, வலது காலை எடுத்து வைக்கச் சொன்னேன். பெருமையாகக் கதவைத் திறந்தேன். உள்ளே போனாள். முன்னறை, அதைத் தாண்டி அடுப்படி, அதைத் தாண்டிக் கதவு. கதவைத் திறந்தாள். பின்சந்தில் நின்றுகொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தேனா வீடு?"

"ம்."

"நான் நடக்கவே இல்லையே, அதுக்குள்ள வெளிய வந்துட்டேன்."

அப்புறம் முதல் வேலையாக இரண்டு பக்கத்துத் தெருப் பேரையும் என்னிடம் கேட்டு உருப்போட்டுக்கொண்டாள். முன்பக்கத்துக்கு ஒரு பேர், பின்சந்துக்கு ஒரு பேர். "இனி எவன் கேட்டாலும் ரெண்டையும் சொல்லிப்புடுவேன். எனக்கு என்ன வந்துச்சு" என்றாள்.

இதெல்லாம் நடந்து சில வருசம் ஆகிவிட்டது. மீனாள் இங்கேயும் முன்வாசலைப் புழங்குவதில்லை. இங்கத்துப் பெண்களும் அப்படித்தான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்கதவு பூட்டியே கிடக்கும். தபால்காரன் அதிலுள்ள ஓட்டை வழியாகக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்சந்தில்தான் துணி காயப்போடுவார்கள், கதை பேசுவார்கள், கடைக்குப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரி பின்கதவைத் தட்டி, "இஸ் ஷி இன்?" என்று கேட்பாள். எதற்குள் என்று சொல்லமாட்டாள். இன், அவ்வளவுதான். வீடு என்ற சொல்லே இல்லாமல் வீட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் பெண்டாட்டி என்ற சொல் இல்லாமல் பெண்டாட்டியைச் சொல்கிறோம். கணக்குச் சரியாகத்தான் போயிற்று என்று நான் மீனாளிடம் சொன்னேன். "ஒங்களுக்கு வேற வேலை இல்லை" என்றாள்.

போன குளிர்காலத்திலிருந்து அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க மிஸஸ் பார்லோ என்று ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். காசு வாங்குவதில்லை. நம்மைப்போல வந்த பெண்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அடுப்படி மேசையில் படம் போட்ட அட்டைகளைப் பரப்புவார். எல்லாவற்றிலும் ஒரு பூனை. மேசையின் மேல் பூனை, மேசைக்கு அடியில் பூனை, பெட்டிக்குள் பூனை, இரண்டு நாற்காலிக்கு நடுவில் பூனை. மீனாள் பூனையை எல்லா இடத்திலும் சரியாக வைத்துவிடுவாள். எனக்குத்தான் வெளியே நின்று கேட்கும்போது இன்னும் பூனை நழுவிக்கொண்டு ஓடுகிறது.

போன வாரம் எனக்குக் காலை ஓட்டம் இல்லை. அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். மிஸஸ் பார்லோ பூனை அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, இன்றைக்கு உங்களைப் பற்றியே பேசுவோம் என்றார். "மீனாள், வேர் இஸ் யுவர் ஹவுஸ்?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அவள் நடித்துக் காட்டின மதராஸ் ஆபீஸ் ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்ன தெருவில், இத்தனாம் நம்பரில், இந்த ஊரில் என்று இன், அட் எல்லாம் போட்டுச் சொல்வாள் என்று மிஸஸ் பார்லோ காத்திருந்தார்.

"மை ஹவுஸ் இஸ் த்ரூ ஹவுஸ்" என்றாள் மீனாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். "ஃபிரண்ட் டோர் இஸ் இன் இங்லண்ட். பேக் டோர் இஸ் இன் கோட்டையூர்."

மிஸஸ் பார்லோ புன்னகையோடு என்னைப் பார்த்தார். நான் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியென்றால் முன்கதவு இங்கேதான் இருக்கிறது, இல்லையா?" என்று அவர் அன்பாகக் கேட்டார்.

"எஸ். போஸ்ட்மேன் கம்ஸ் டு த ஃபிரண்ட்." மீனாள் திரும்பிப் பார்த்தாள். பின்கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சந்தில் யாருடைய துணியோ காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. "ஐ கம் அண்ட் கோ அட் த பேக்."

"அட் த பேக்! வெரி குட்!" என்று மிஸஸ் பார்லோ கைதட்டினார். அந்தச் சின்னச் சொல் கடைசியில் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதாம். மீனாள் சிரித்துக்கொண்டு, "சரியாச் சொல்லிட்டேனா?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். சரியாகத்தான் சொன்னாய் என்றேன். டீயை ஊற்றி இரண்டு பேருக்கும் கொண்டுபோய் வைத்தேன்.